புது விமானம் 15% எரிபொருள் மிச்சம் பிடிக்கிறது என்றால் அந்தக் காசு எங்கே போகிறது?

தாம்பரம்_பயணி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். போன மாதம் ஒரு கல்யாணத்துக்காகச் சென்னையிலிருந்து டெல்லி போய் வந்தேன். போகும்போதும் வரும்போதும் ஏர்பஸ் கம்பெனியின் ஏ320 நியோ. முன்சீட்டுப் பையில் இருந்த இதழில் “பழைய விமானத்தைவிட 15 சதவீதம் எரிபொருள் மிச்சம்” என்று பெருமையாகப் போட்டிருந்தார்கள். சரி, நல்ல விஷயம்தான். ஆனால் எட்டொன்பது வருஷத்துக்கு முன்னால் இதே ரூட்டில் நான் 3,500, 4,000 ரூபாய்க்கெல்லாம் போயிருக்கிறேன், இந்தத் தடவை ஒரு மாதம் முன்னாடியே பதிவு செய்தும் ஒரு பக்கத்துக்கு 7,200 ஆகிவிட்டது. பைக் வாங்கும்போது மைலேஜ் கேட்டு வாங்குகிறோம், லிட்டருக்குப் பத்து கிலோமீட்டர் கூடக் கொடுத்தால் மாதக் கடைசியில் பர்சில் தெரிகிறது. இங்கே மட்டும் ஏன் தெரிய மாட்டேன் என்கிறது?

இன்னொன்று. புறப்படும்போது ஓடுபாதைக்குப் போகும் வழியில் ஓரமாக இதே மாதிரி விமானங்கள் நாலைந்து நின்றுகொண்டிருந்தன. சிலவற்றில் எஞ்சின் வாயைச் சிவப்பு உறை போட்டு மூடியிருந்தார்கள். இரண்டுக்கு எஞ்சினே இல்லை, அது இருக்க வேண்டிய இடத்தில் கான்கிரீட் கட்டை மாதிரி ஏதோ தொங்கிக்கொண்டிருந்தது. பக்கத்து சீட்டு அம்மா எட்டிப் பார்த்துவிட்டு “என்னப்பா இது, ஓடுற மாட்டுக்குக் கழுத்தில கட்டை கட்டின மாதிரி” என்றார். இவ்வளவு மிச்சம் பிடிக்கும் விமானத்தை எதற்கு இப்படிக் கட்டிப்போட்டு வைக்க வேண்டும்?

கடைசியாக, விமானங்களின் மைலேஜ் நிஜமாகவே வருஷா வருஷம் கூடுகிறதா, இல்லை எல்லாம் விளம்பரமா? கொஞ்சம் எளிமையாகச் சொல்லுங்கள். நான் பேங்க்கில் வேலை பார்த்தவன், எஞ்சினியர் இல்லை.


ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

வணக்கம் சார். 14 வருஷமாக விமானப் பராமரிப்பில் இருக்கிறேன், எந்தக் கம்பெனி என்று கேட்காதீர்கள். அந்த 15% நிஜம்தான், நாங்களே பழையதுக்கும் புதியதுக்கும் எரிபொருள் நிரப்பிய கணக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறோம். ஆனால் அது வருஷா வருஷம் கூடிக்கொண்டே வருவதில்லை. எஞ்சினில் ஒரு தலைமுறை மாறும்போது ஒரே தாவாகத் தாவும், அப்புறம் பதினைந்து இருபது வருஷம் அங்கேயே நிற்கும், நடுவில் இறக்கை நுனியை மடக்கி ஒரு மூன்று நான்கு சதவீதம், மென்பொருளில் ஒரு அரை சதவீதம் என்று சில்லறை சேர்ப்பார்கள்.

நீங்கள் போன விமானத்தில் உடம்பு கிட்டத்தட்ட 1988-இல் சேவைக்கு வந்த அதே ஏ320 உடம்புதான். மாறினது எஞ்சின். பழைய ஏ320-இல் இருந்த சி.எஃப்.எம்.56 எஞ்சினின் முன்பக்க விசிறி 173 செ.மீ. விட்டம். நியோவுக்கு இரண்டு வகை எஞ்சின் உண்டு: லீப் எஞ்சினில் 198, பிராட் அண்ட் விட்னி எஞ்சினில் 206. நான் ஐந்தே முக்கால் அடி, அந்த வாய்க்குள் நிமிர்ந்து நின்றே விசிறி இலைகளைத் தடவிப் பார்க்கலாம். எதற்கு இவ்வளவு பெரிசு என்றால், விமானத்தை முன்னால் தள்ளுவதில் பெரும்பங்கு எரிகிற காற்றுடையது இல்லை, எரியாமல் எஞ்சினைச் சுற்றி வெளியே போகிற காற்றுடையது. பழைய எஞ்சினில் உள்ளே போய் எரிவது ஒரு பங்கு என்றால் சுற்றிப் போவது ஐந்தரை, ஆறு பங்கு. லீப்பில் அது 11, பிராட்டில் 12. கொஞ்சம் காற்றை வேகமாகப் பீய்ச்சுவதைவிட நிறையக் காற்றை நிதானமாகத் தள்ளினால் வீணாவது குறைவு. பரிசலில் அகலமான துடுப்பை மெதுவாக இழுப்பதற்கும் கரண்டியை வைத்துக்கொண்டு சடசடவென்று தண்ணீரைக் கலக்குவதற்கும் உள்ள வித்தியாசம்.

விசிறி பெரிதானால் அது மெதுவாகச் சுற்ற வேண்டும், ஆனால் அதைச் சுற்றிவிடும் பின்பக்க டர்பைனுக்கோ (எரிந்த வாயு சுழற்றுகிற இலைச் சக்கரம்) வேகமாகச் சுற்றினால்தான் தெம்பு. இரண்டும் ஒரே தண்டில் இருந்தால் ஒன்று மற்றொன்றுக்கு இடைஞ்சல். பிராட் ஆட்கள் நடுவில் ஒரு கியர்பாக்ஸ் வைத்துவிட்டார்கள், டர்பைன் மூன்று சுற்று சுற்றினால் விசிறி ஒரு சுற்று. அழகான யோசனை, எனக்கு இன்றைக்கும் அந்த எஞ்சின் மேல் ஒரு மரியாதை உண்டு. புறப்படும்போதும் இறங்கும்போதும் திமிங்கலம் முனகுகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டதா? கேட்டிருந்தால் உங்களுடையது பிராட்.

இனி அந்தக் கட்டைக்கு வருகிறேன். மைலேஜின் இன்னொரு பாதி சூடு. உள்ளே அழுத்தமும் வெப்பமும் எவ்வளவு கூடுகிறதோ அந்த அளவுக்கு ஒரே எரிபொருளில் கூட வேலை வாங்கலாம். டர்பைன் இலைகள் தங்களுடைய உருகுநிலையைவிடச் சூடான காற்றில்தான் சுற்றுகின்றன, இலைக்குள்ளே ஊசித்துளைகள் போட்டு ஒப்பீட்டளவில் குளிர்ந்த காற்றைக் கசியவிட்டுத்தான் அதைக் காப்பாற்றுகிறார்கள். நம் ஊர் வெயிலிலும் தூசியிலும் அந்தத் துளைகள் அடைத்துக்கொண்டால் இலை கருகும். ஐரோப்பாவில் ஓடும் எஞ்சின் இறக்கையில் எத்தனை வருஷம் தாங்குமோ, அதே எஞ்சின் இந்தியாவிலும் வளைகுடாவிலும் அவ்வளவு தாங்குவதில்லை. ராத்திரி ரெண்டு மணிக்கு விசிறிக்குள் தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவோம், கீழே வழிகிற தண்ணீரைப் பார்த்தால் செம்மண் குட்டை மாதிரி இருக்கும். அப்படிக் கழுவினாலே எரிபொருளில் கொஞ்சம் திரும்பக் கிடைக்கும்.

இது போதாதென்று 2023 ஜூலையில் பிராட்டின் தாய்க் கம்பெனியான ஆர்.டி.எக்ஸ். ஒரு குண்டைத் தூக்கிப் போட்டது. 2015 கடைசியிலிருந்து 2021 வரை செய்த எஞ்சின்களில், இலைகளைத் தாங்கிச் சுற்றுகிற சில தட்டுகளுக்கான உலோகப் பொடியில் மாசு கலந்திருக்கிறது, விரிசல் விட வாய்ப்புண்டு, எனவே நூற்றுக்கணக்கான எஞ்சின்களை முன்கூட்டியே கழற்றிச் சோதிக்க வேண்டும் என்றார்கள். ஒரு எஞ்சின் கழன்று போய் சரியாகித் திரும்பி வர 250 முதல் 300 நாள் என்று அவர்களே கணக்குச் சொன்னார்கள். அந்தக் காத்திருப்பில்தான் நீங்கள் பார்த்த விமானங்கள் நிற்கின்றன. எஞ்சின் இல்லாமல் நிறுத்தினால் எடை சமநிலை போய்விடும், காற்றடித்தால் ஆடும், அதற்குத்தான் அந்தக் கட்டை. அந்த அம்மா சொன்னது ரொம்பச் சரி.


கணக்குப்பிள்ளை எழுதியது:

டிக்கெட் கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லை, நான் சொல்கிறேன்.

சென்னை–டெல்லி 1,760 கிலோமீட்டர் பக்கம். 186 சீட் போட்ட நியோவில் ஒரு சீட்டுக்கு ஏறக்குறைய 35 லிட்டர் எரிபொருள் ஆகும். பழைய ஏ320-ஆக இருந்தால் 41, 42. மிச்சம் ஆறு லிட்டர், கொஞ்சம் கூட வைத்தால் ஏழு. லிட்டர் 90 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 550, 600 ரூபாய். அவ்வளவுதான் மொத்தப் புதையலே. அதுவும் சும்மா வருவதில்லை, புது விமானத்துக்கு மாத வாடகை கூட, எஞ்சின் பராமரிப்பு ஒப்பந்தம் கூட. நம் ஊர்க் கம்பெனிகளில் பெரும்பாலான விமானங்கள் வாடகைக்கு எடுத்தவை, வாடகை டாலரில், 2016-இல் 67 ரூபாய் இருந்த டாலர் இன்று எங்கே இருக்கிறது என்று பேங்க்கில் இருந்த உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

டிக்கெட் விலை செலவை வைத்து வருவதுமில்லை சார். உங்கள் தேதியில் முகூர்த்தம் இருந்திருக்கும், அந்த ரூட்டில் எத்தனை கம்பெனி ஓட்டுகிறது, எத்தனை சீட் மிச்சம், இதுதான் விலை. கோயம்பேட்டில் தீபாவளிக்கு முந்தின நாள் ஆம்னி பஸ்காரர் டீசல் விலையைப் பார்த்தா டிக்கெட் விலை போடுகிறார்?

அப்புறம் அந்தக் கட்டை கட்டின விமானங்கள். 2024 ஆரம்பத்தில் இண்டிகோவில் மட்டும் 70-க்கும் மேற்பட்டவை நின்றுகொண்டிருந்தன. கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதம் திவால் மனு போட்டபோது எஞ்சின் கிடைக்காததையே காரணமாகச் சொன்னது, மொத்தக் கம்பெனியும் சந்தையிலிருந்து போய்விட்டது. சீட் குறைந்தால் விலை ஏறும். ஆக எரிபொருளை மிச்சம் பிடிக்க வந்த அதே எஞ்சின்தான் உங்கள் டிக்கெட்டை ஏற்றியும் விட்டிருக்கிறது. இதில் சிரிப்பு என்னவென்றால், நின்றுபோன நியோக்களுக்குப் பதிலாக வாடகைக்குப் பழைய ஏ320-களைத் திரும்பக் கொண்டுவந்து ஓட்டினார்கள். அதாவது எந்த விமானத்தைக் கழித்துக்கட்ட வேண்டும் என்று நியோவை வாங்கினார்களோ அதே விமானம்.


திட்டமிடல்_ஓய்வு எழுதியது:

ராத்திரி ஷிப்ட் தம்பி எஞ்சினை வைத்து நன்றாக விளக்கிவிட்டார். ஆனால் மைலேஜ் என்பது எஞ்சின் பெட்டியில் முடிந்துவிடுகிற விஷயம் இல்லை, அதை ஓட்டுகிற விதத்தில் பாதி போகும். நான் விமானத் திட்டமிடல் பிரிவில், அதாவது எந்த வழியில் போக வேண்டும், எவ்வளவு எரிபொருள் போட வேண்டும் என்று தாள் தயாரிக்கிற இடத்தில் இருந்து ஓய்வு பெற்றவன். ஒன்றிரண்டு சொல்கிறேன், கேட்டால் சிரிப்பீர்கள்.

விமான எரிபொருள் இன்னும் ஜி.எஸ்.டி.க்குள் வரவில்லை, மாநிலத்துக்கு மாநிலம் வாட் வேறு. சில மாநிலங்கள் 1 சதவீதத்துக்கு இறக்கிவிட்டன, நம் தமிழ்நாட்டில் 29. இப்போது ஒரு விமானம் வரி குறைந்த ஊரிலிருந்து சென்னைக்கு வந்து திரும்ப வேண்டும் என்றால் என்ன செய்வோம்? திரும்பிப் போவதற்கான எரிபொருளையும் அங்கேயே நிரப்பிச் சுமந்துகொண்டு வருவோம். சுமப்பது இலவசமா என்ன? கூடுதலாகத் தூக்கும் எடையில் மணிக்குச் சுமார் 3 சதவீதம் அதைத் தூக்குவதற்கே எரிந்துபோகும். மூன்று டன் கூட ஏற்றினால் இரண்டரை மணி நேரத்தில் 200 கிலோவுக்கு மேல் வெறும் சுமைகூலி. தண்ணீர் லாரி பாதித் தண்ணீரைத் தானே குடித்துக்கொண்டு வருகிற கதைதான். ஆனால் விலை வித்தியாசம் அதைவிடப் பெரிசாக இருந்தால் கம்பெனிக்கு லாபம், எனவே செய்யச் சொல்வார்கள், நானும் செய்திருக்கிறேன். விஞ்ஞானிகள் பத்து வருஷம் தலையை உடைத்து ஒரு சதவீதம் மிச்சம் பிடிப்பார்கள், வரி அட்டவணையில் ஒரு வரி அதைத் தின்றுவிடும். ஐரோப்பாவிலும் இதே வித்தை உண்டு, நம் ஊர் மட்டும் என்று நினைக்க வேண்டாம்.

அடுத்தது வழி. 2022 பிப்ரவரிக்குப் பிறகு ரஷ்ய வான்வெளி ஐரோப்பிய விமானங்களுக்கு மூடிவிட்டது. பின்லாந்தின் ஃபின்ஏர் ஹெல்சிங்கியிலிருந்து டோக்கியோவுக்கு ஒன்பது, ஒன்பதரை மணி நேரத்தில் போய்க்கொண்டிருந்தது, இப்போது வடதுருவத்தைச் சுற்றி 13 மணி நேரம். ஓடுவது ஏ350, உலகத்திலேயே சிக்கனமான பெரிய விமானங்களில் ஒன்று. ஆனால் நாலு மணி நேரம் கூடப் பறந்தால் எந்தச் சிக்கனம் மிஞ்சும்? 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் வான்வெளி இந்திய விமானங்களுக்கு மூடியதும் டெல்லியிலிருந்து மேற்கே போகும் எல்லாவற்றுக்கும் இதே தலைவிதி.

அப்புறம் சென்னைக்கு மேலே “கொஞ்சம் சுற்றிக்கொண்டிருங்கள்” என்று சொல்லிவிடுவார்கள். காலை நேர நெரிசலில் அப்படி இருபது நிமிஷம் சுற்றினால் எழுநூறு கிலோ காலி, பழைய விமானத்துக்கும் புது விமானத்துக்கும் உள்ள வித்தியாசத்தில் பெரும்பகுதி அங்கேயே கரைந்துவிடும். ஆகவே விமானத்தின் மைலேஜ், பயணத்தின் மைலேஜ் இரண்டும் வேறு வேறு.


ஜூரோங்_வாசி எழுதியது:

சிங்கப்பூரிலிருந்து எழுதுகிறேன். தலைமுறை தாவல் என்று அண்ணன் சொன்னதற்கு எங்கள் ஊரிலேயே நல்ல உதாரணம் இருக்கிறது.

சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் 2004-இல் சிங்கப்பூரிலிருந்து நியூயார்க் பக்கத்து நியூவர்க்குக்கு நேரடி விமானம் விட்டது, 15,300 கிலோமீட்டர், பதினெட்டு மணி நேரத்துக்கு மேல். விமானம் ஏ340-500, நாலு எஞ்சின், டேங்க் நிறைய 2 லட்சத்து 20 ஆயிரம் லிட்டர் பக்கம் பிடிக்கும். கட்டுப்படியாகவில்லை. முதல் பாதியில் எரிகிற எரிபொருளில் ஒரு நல்ல பங்கு, பின்பாதிக்கான எரிபொருளைத் தூக்கிக்கொண்டு போகவே செலவாகும் (மேலே திட்டமிடல் ஐயா சொன்ன சுமைகூலி, ஆனால் பதினெட்டு மணி நேரத்துக்கு). 2008-இல் சீட்டையெல்லாம் கழற்றிவிட்டு வெறும் 100 பிசினஸ் சீட் மட்டும் வைத்துப் பார்த்தார்கள். எண்ணெய் விலை நூறு டாலருக்கு மேல் நின்றபோது அதுவும் தாங்கவில்லை, 2013 நவம்பரில் நிறுத்திவிட்டார்கள்.

2018 அக்டோபரில் அதே ரூட்டைத் திரும்ப ஆரம்பித்தார்கள். இந்தத் தடவை ஏ350-900 யு.எல்.ஆர். (மிக நீண்ட தூரத்துக்கான வகை). இரண்டே எஞ்சின், 1,65,000 லிட்டர், 161 சீட். யோசித்துப் பாருங்கள், ஐம்பத்தையாயிரம் லிட்டர் குறைவு, ஆள் அறுபது பேர் கூட. அதே தூரம், அதே நேரம். இன்று வரை ஓடுகிறது. உடம்பில் பாதிக்கு மேல் கார்பன் இழை, எஞ்சின் இரண்டு குறைவு, இறக்கை புது வடிவம், எல்லாம் சேர்ந்து வந்த தாவல் இது. நான் ஒரு தடவை அதில் போனேன், கம்பெனிச் செலவில்தான், பதினாறாவது மணி நேரத்தில் நான் மைலேஜைப் பற்றி நினைக்கவில்லை, முதுகைப் பற்றித்தான் நினைத்தேன்.


பழைய_ப்ரொப்பெல்லர் எழுதியது:

ஒரு விஷயத்தை எல்லோரும் விட்டுவிட்டீர்கள். ஜெட் வந்தபோது மைலேஜ் குறைந்தது! 1950-களின் கடைசி பிஸ்டன் விமானங்கள், அந்த சூப்பர் கான்ஸ்டலேஷன் வகையறா, ஒரு சீட்டுக்குக் குடித்ததைப்போல இரண்டு மடங்கு முதல் ஜெட்கள் குடித்தன. வேகத்துக்குக் கொடுத்த விலை. ஏர் இந்தியா 1960-இல் வாங்கிய போயிங் 707-களில் ரோல்ஸ்-ராய்ஸ் கான்வே எஞ்சின். அந்தக் காலத்தில் அதுதான் நவீனம், ஆனால் அதில் உள்ளே போய் எரிவது ஒரு பங்கு என்றால் சுற்றிப் போகிற காற்று ஏறக்குறைய கால் பங்குதான். மேலே தம்பி சொன்ன 12-ஐயும் இந்தக் காலையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், அறுபது வருஷக் கதை முழுக்க அந்த இரண்டு எண்ணில் இருக்கிறது. வேகமோ கூடவே இல்லை, உங்கள் நியோ அந்த 707-ஐவிடக் கொஞ்சம் மெதுவாகத்தான் போகிறது.

இன்னொரு கதை. 1980-களில் ஜெனரல் எலக்ட்ரிக் உறையே இல்லாத, வெளியே இலைகள் சுற்றுகிற ஒரு எஞ்சினைச் செய்து 1986-இல் போயிங் 727-இலும் அடுத்த வருஷம் எம்.டி.80-இலும் மாட்டிப் பறந்து காட்டினார்கள். எரிபொருள் பெரிய அளவில் மிச்சம். ஆனால் அதே 1986-இல் கச்சா எண்ணெய் விலை தடாலென்று விழுந்துவிட்டது, யாருக்கும் அது வேண்டாமலாகிவிட்டது, தூக்கிப் பரணில் போட்டார்கள். இப்போது லீப் எஞ்சினைச் செய்கிற சி.எஃப்.எம். கம்பெனி 2021-இல் ‘ரைஸ்’ என்ற பெயரில் அறிவித்து 2030-களின் நடுவில் வரும் என்று சொல்லிக்கொண்டிருப்பது பெரும்பாலும் அதே யோசனைதான், 20 சதவீதம் மிச்சமாம். எண்ணெய் விலை ஏறினால் விஞ்ஞானம் வேகமாக ஓடும், இறங்கினால் படுத்துக்கொள்ளும். இதை நான் என் வயசுக்கு மூன்று தடவை பார்த்துவிட்டேன்.

சின்ன ஊர்களுக்கு இப்போதும் ப்ரொப்பெல்லர்தான் ராஜா. தூத்துக்குடிக்கு வருஷக்கணக்காக ஏ.டி.ஆர். என்கிற ப்ரொப்பெல்லர் விமானம்தான் போனது, ஓடுபாதை அப்போது 1,350 மீட்டர்தான், அதில் பெரிய ஜெட் இறங்காது. பலாலிக்கும் அதே கதை, சென்னையிலிருந்து யாழ்ப்பாணம் போகிறவர்களுக்குத் தெரியும். அதே அளவு ஜெட்டோடு ஒப்பிட்டால் ஏ.டி.ஆர். 40 சதவீதம் குறைவாகக் குடிக்கும். இரைச்சல் காது கிழியும், குலுக்கும், மக்கள் “பழைய ப்ளேன் அனுப்பிட்டான்” என்று திட்டுவார்கள், ஆனால் மைலேஜ் பார்க்கிறவர்கள் திட்டக் கூடாது.


கணக்குப்பிள்ளை எழுதியது:

@பழைய_ப்ரொப்பெல்லர் ஐயா, ஏ.டி.ஆர். விஷயத்தில் ஒரு சின்னத் திருத்தம். அதே அளவு ஜெட்டோடு ஒப்பிட்டால் சரி. ஆனால் 186 பேர் நிறைந்த நியோவோடு சீட்டுக்குச் சீட்டு ஒப்பிட்டால் வித்தியாசம் ரொம்பக் குறைவு. தூத்துக்குடிக்கு ஒரு நாளைக்கு எத்தனை தடவை 186 பேரை நிரப்ப முடியும் என்பதுதான் கேள்வி. பாதி காலியாகப் போகிற நியோவைவிட நிரம்பிப் போகிற ஏ.டி.ஆர். எவ்வளவோ மேல்.

இந்த நிரப்புகிற விஷயம்தான் அறுபது வருஷ முன்னேற்றத்தில் யாரும் பேசாத பங்கு. ஒரு காலத்தில் உலகம் முழுக்க விமானங்களில் பாதிக்குக் கொஞ்சம் மேல்தான் ஆள் இருக்கும். 2024-இல் சராசரி 83.5 சதவீதம். எஞ்சினைத் தொடாமலே ஆளுக்கு ஆகும் எரிபொருள் குறைந்துவிட்டது. உங்கள் முழங்கால் முன்சீட்டில் இடிக்கிறதே சார், அதுவும் மைலேஜ்தான், பழைய 180 சீட் 186 ஆனது வானத்திலிருந்து வரவில்லை.

இதனால்தான் புள்ளிவிவரங்கள் ஒன்றோடொன்று ஒத்துப்போவதில்லை. விமானத் துறை அமைப்புகள் “முதல் ஜெட்களைவிட 80% சிக்கனம்” என்று சொல்லும். ஐ.சி.சி.டி. என்ற ஆய்வு அமைப்பு 1970-லிருந்து 2019 வரை வெளிவந்த புது விமானங்களைக் கணக்கெடுத்து, 41%தான் குறைந்திருக்கிறது, அதாவது வருஷத்துக்கு ஒரு சதவீதம் என்று சொன்னது. இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. ஒருவர் ஆரம்பப் புள்ளியாக ஐயா சொன்ன அந்தக் குடிகார ஜெட்டை எடுத்துக்கொள்கிறார், இன்னொருவர் அதற்குப் பிறகு ஆரம்பிக்கிறார். என் சந்தேகம் வேறு. வருஷத்துக்கு ஒன்று, ஒன்றரை சதவீதம் மிச்சம் பிடிக்கிறோம், பயணம் செய்கிறவர்கள் எண்ணிக்கையோ கோவிட் வருஷங்கள் நீங்கலாக நாலைந்து சதவீதம் கூடிக்கொண்டே போகிறது. சம்பளத்தில் ஒரு ரூபாய் சேர்த்து நாலு ரூபாய் கடன் வாங்குகிற குடும்பம் மாதிரி. சமையல் எண்ணெய்க் கழிவிலிருந்தெல்லாம் செய்கிற பசுமை எரிபொருள் என்று எல்லோரும் பேசுகிறார்கள், 2024-இல் உலகம் முழுக்க எரிந்த விமான எரிபொருளில் அது 0.3 சதவீதம். இந்தியா சர்வதேசப் பயணங்களுக்கு 2027-இல் 1 சதவீதம், 2030-இல் 5 சதவீதம் என்று இலக்கு வைத்திருக்கிறது. விலை சாதாரண எரிபொருளைப்போல இரண்டு மடங்குக்கு மேல். அப்போது தாம்பரம் சார் டிக்கெட் ஏன் இன்னும் ஏறியது என்று இன்னொரு கேள்வி கேட்பார்.


ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

கணக்குப்பிள்ளை சொல்வதில் எனக்குப் பாதி சம்மதம். ஆனால் இந்த அவசரத்தின் இன்னொரு பக்கத்தையும் சொல்ல வேண்டும். 2010 டிசம்பரில் ஏர்பஸ் நியோவை அறிவித்தது. அடுத்த ஜூலையில் அதுவரை போயிங்கின் கோட்டையாக இருந்த அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஏர்பஸ்ஸுக்கு நூற்றுக்கணக்கில் ஆர்டர் கொடுத்தது. போயிங் புது விமானம் வடிவமைக்கும் யோசனையை ஓரம்கட்டிவிட்டு, ஆகஸ்டில் பழைய 737-இலேயே பெரிய எஞ்சின் மாட்டி மேக்ஸ் விடுகிறோம் என்றது. 737 பிறந்தது 1960-களில், தரைக்கு மிகவும் தாழ்வான விமானம், ஏணி இல்லாமல் சரக்கு ஏற்றலாம் என்று அப்படிச் செய்தது. அதில் பெரிய விசிறி இடிக்காமல் இருக்க எஞ்சினை முன்னுக்கும் மேலுக்கும் தள்ளினார்கள், அதனால் மூக்கு தூக்கும் குணம் மாறியது, அதைச் சரிக்கட்ட ஒரு மென்பொருள் வைத்தார்கள், விமானிகளுக்கு அதைப் பற்றி ஒழுங்காகச் சொல்லவும் இல்லை. 2018 அக்டோபர், 2019 மார்ச், இரண்டு விபத்து, 346 பேர். 14 சதவீத மைலேஜைத் துரத்தியதில் நடந்தது என்று நான் எளிமைப்படுத்த மாட்டேன், ஆனால் ஆரம்பப் புள்ளி அங்கேதான் இருக்கிறது. விசிறியின் அளவைச் சொல்லும்போதெல்லாம் எனக்கு அந்த நினைவு வரும்.


தாம்பரம்_பயணி எழுதியது:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு எதிர்பார்க்கவில்லை. என் பையன் இப்போதுதான் பக்கத்தில் உட்கார்ந்து முழுவதும் படித்தான். ஆக எனக்கு வர வேண்டிய 600 ரூபாயில் பாதி வாடகைக்கும் டாலருக்கும், மீதி கட்டை கட்டின விமானங்களுக்கும் போய்விட்டது என்று எழுதி வைத்துக்கொள்கிறேன்.

ஒரு சாலட்டில் ஒரு ஆலிவ் காயை எடுத்துவிட்டதால் ஒரு கம்பெனி லட்சக்கணக்கில் எரிபொருள் மிச்சம் பிடித்தது என்று வாட்ஸ்அப்பில் வந்ததே, அது உண்மையா? அப்புறம் இன்னொரு சந்தேகம். டெல்லியில் இறங்கி கேட்டுக்குப் போகும்போது சீட்டுக்குக் கீழே நாய் விட்டு விட்டுக் குரைக்கிற மாதிரி, இல்லை ரம்பம் அறுக்கிற மாதிரி ஒரு சத்தம். பக்கத்து சீட்டு அம்மா பயந்தே போய்விட்டார்.


திட்டமிடல்_ஓய்வு எழுதியது:

ஆலிவ் கதை 1980-களில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் தலைவராக இருந்த ராபர்ட் கிராண்டலோடு சேர்த்துச் சொல்வது. மிச்சமானது வருஷத்துக்கு 40,000 டாலர் என்பார்கள், ஆனால் அது ஆலிவ் வாங்குகிற செலவு, எரிபொருள் இல்லை. வாட்ஸ்அப்பில் வரும்போது எரிபொருளாக மாறிவிட்டது. எடையில் மிச்சம் பிடித்ததற்கு நல்ல உதாரணம் வேண்டுமென்றால் அதே கம்பெனி 2013-இல் விமானிகள் தூக்கிக்கொண்டு போகிற 16 கிலோ காகிதப் பையை எடுத்துவிட்டு டேப்லெட் கொடுத்தது, வருஷத்துக்கு 4 லட்சம் கேலன் மிச்சம் என்று சொன்னார்கள். அந்தப் பையை நானும் தூக்கிக் கொடுத்திருக்கிறேன், தோள்பட்டைக்கும் நல்லது.


ராத்திரி_ஷிப்ட் எழுதியது:

அந்தக் குரைப்பு பயப்பட வேண்டியது இல்லை சார், உங்கள் கேள்விக்கே அதுதான் பதில் மாதிரி. இறங்கின பிறகு ஒரு எஞ்சினை அணைத்துவிட்டு ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கேட் வரை உருண்டு போவார்கள், பத்து நிமிஷத்துக்கு 50, 60 கிலோ மிச்சம். அணைத்த பக்கத்து ஹைட்ராலிக் (எண்ணெய்) அழுத்தம் இறங்கும்போது ஓடுகிற பக்கம் அதற்குக் கைகொடுக்க ஒரு சின்ன மோட்டார் நடுவில் விட்டு விட்டு ஓடும், அந்த மோட்டார்தான் குரைப்பது. பெரும்பாலும் வலப்பக்க எஞ்சினைத்தான் அணைப்பார்கள். அடுத்த தடவை வலது பக்கம், இறக்கைக்கு முன்னால் ஜன்னல் சீட் கிடைத்தால் இறங்கினதும் தலையைத் திருப்பிப் பின்னால் பாருங்கள், விசிறி இலைகளைத் தனித்தனியாக எண்ணிவிடலாம் என்கிற மாதிரி சோம்பலாகச் சுற்றிக்கொண்டிருக்கும். அந்த அம்மாவிடமும் சொல்லிவிடுங்கள்.